ஜமுக்காளம் மாட்டிய ஹால்

வாங்க தம்பி, வாங்க. செருப்பை வெளிய விடுங்க. இல்லை, போட்டுக்கிட்டே வந்தாலும் சரி, கேக்கறதுக்கு வீட்ல ஆள் இல்லை. உட்காருங்க. சோபாவுல வேண்டாம், இந்த நாற்காலியில. ஹாலுக்கு நட்டநடுவுல எதுக்கு ஒத்தை நாற்காலின்னு பார்க்கறீங்களா? இந்த வீட்டுலயே சத்தம் சரியாக் கேக்கற இடம் அது ஒண்ணுதான். அரை முழம் இந்தப் பக்கம் நகர்ந்தீங்கன்னா பாடறவர் ஜன்னலுக்கு வெளிய போயிடுவாரு. அரை முழம் அந்தப் பக்கம் போனா பூஜை ரூமுக்குள்ள நுழைஞ்சுடுவாரு. அதனால தரையில சாக்பீஸ்ல குறி போட்டு வச்சிருக்கேன். சுகந்தி, அதான் என் வீட்டுக்காரி, அதைப் பார்த்துட்டு, "ஏனுங்க, கோலம் போடறதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?"ன்னு கேட்டா. சத்தத்தைப் பத்தி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

இருங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். விளம்பரம் பார்த்துட்டு வந்திருக்கீங்க, தெரியுது. வர்றவன் எல்லாம் வாசல்லயே விலையைக் கேக்கறான். விலையைக் கடைசியில பேசிக்கலாம். வெளிய நிக்கற குட்டியானை உங்க வண்டிதானே? ரெண்டு ஸ்பீக்கர் ஏத்தறதுக்கு ஒரு குட்டியானை. பொருளோட மரியாதை தெரிஞ்ச ஆளு நீங்க. போன வாரம் ஒருத்தன் ஸ்கூட்டர்ல வந்தான், கையில கோணிப்பையோட. தேங்காய் வாங்க வந்தியான்னு கேட்டு அனுப்பிட்டேன்.

காபி எடுத்துக்குங்க. சர்க்கரை இருக்காது. சர்க்கரை டப்பா எங்கன்னு தெரியலை. சுகந்தி அவ அம்மா வீட்டுக்கு அன்னூர் போயிருக்கா. கொஞ்ச நாளாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் அங்க அவங்க கும்மிக்கு அரங்கேற்றம், அது முடிஞ்சா வந்துடுவா. வருவான்னுதான் நினைக்கறேன். நான் போகலை. எனக்கு இங்க வேலை இருக்குதே, நீங்க வந்திருக்கீங்களே.

என் பேரு தண்டபாணி. தோஹாவுல சுருக்கி 'டேன்'னு கூப்பிடுவாங்க. பத்தொன்பது வருஷம் அங்க இருந்தேன். மொதல் ஏழெட்டு வருஷம் சுகந்தியும் கூட இருந்தா. பொண்ணு பெரிய கிளாஸ் போகவும் ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிட்டு நான் ஒத்தை ரூமுக்கு மாறிட்டேன். அந்த ரூமுக்குச் சுவர்னு ஒண்ணு பேருக்கு இருந்துச்சு. பக்கத்துல ஒரு எகிப்துக்காரர். நான் இருமினாலே தட்டுவாரு. அத்தனை வருஷமும் காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டே பாட்டுக் கேட்டவன் நான். வெள்ளிக்கிழமையானா வீட்டுக்கு ஃபோன் பேசுவேன். சுகந்தி குரல் தகர டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி வரும். பாஸே, அதான் அடிச்சத்தமே, இருக்காது. அப்பவே முடிவு பண்ணினேன். ஊருக்குப் போறோம், பெரிய ஹாலாக் கட்டறோம், நல்லதா ரெண்டு ஸ்பீக்கர் வைக்கறோம், சாயங்காலம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து கேக்கறோம். அவ்வளவுதான் தம்பி என் ஆசை. அவகிட்ட சொன்னேனாவா? இதெல்லாமா ஃபோன்ல சொல்லுவாங்க? வாங்கி வச்சுட்டா தானாத் தெரிஞ்சுடும்.

வீட்டைக் கட்டினது சென்னியப்பன் மச்சான். சுகந்தியோட அண்ணன். நான் தோஹாவுல இருந்து படம் அனுப்புவேன், அவரு இங்க அதைப் பார்த்துட்டு வேற ஒண்ணு கட்டுவாரு. நான் கேட்டது பெரிய ஹால். அவரு கட்டினது கல்யாண மண்டபம். ஒரு பெட்ரூமைக் காணோமேன்னு கேட்டேன். "மாப்பிள்ளை, பெட்ரூமை வந்து எவன் பார்க்கப் போறான்? நாலு சனம் வந்தா ஹால்தான் பேசோணும்" அப்படின்னாரு. நல்லாத்தான் பேசுச்சு. மேல பாருங்க, ரெண்டு மாடி உயரத்துக்குக் கூரை. கீழ வழுவழுன்னு டைல்ஸ். "தண்ணி கொண்டா"ன்னு சொன்னா அது திருப்பித் திருப்பிச் சொல்லும். தண்ணி மட்டும் வராது.

நான் வந்து இறங்கின அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுங்களா? டாக்ஸியில இருந்து இறங்கறேன், வாசல் பூரா செருப்பு. யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிக்கிட்டு உள்ள ஓடறேன். ஹால் நிறையப் பொம்பளைங்க. வட்டமா நின்னு சுத்திச் சுத்தி வந்து கைதட்டி ஆடறாங்க. வள்ளிக்கும்மியாம். நான் இங்க இருந்த காலத்துல எங்கயாவது கோயில் நோம்பி, திருவிழான்னா ஆடுவாங்க. இப்ப என்னடான்னா ஊருக்கு ஊர் ஆசிரியர் வச்சு, பயிற்சி எடுத்து, சீருடைச் சேலை கட்டி அரங்கேற்றமே பண்றாங்க. நான் அங்க ஒத்தையில இருந்த காலத்துல இவ இங்க கும்மி கத்துக்கிட்டிருந்திருக்கா. வெள்ளிக்கிழமை ஃபோன்ல சொல்லத்தான் செஞ்சா. நான் அதை ஏதோ கோலாட்டம்னு நினைச்சுக்கிட்டேன்.

பெட்டியோட நிக்கறேன் தம்பி. சுகந்தி என்னைப் பார்த்துட்டா. சிரிச்சா. ஆனா நிக்கலை. அந்தச் சுத்தை முடிச்சுட்டுத்தான் வந்தா. வட்டத்துல ஒருத்தர் நின்னா எல்லாருக்கும் அடவு தப்பிடுமாம். பத்தொன்பது வருஷம் கழிச்சு ஒரேயடியா வீட்டுக்கு வர்றவன், ஒரு சுத்து முடியற வரைக்கும் வாசப்படியில நின்னேன். நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கலை. சும்மா சொல்றேன்.

மறுநாளே ஸ்பீக்கர் வேலையை ஆரம்பிச்சுட்டேன்.

பட்ஜெட் ஸ்பீக்கர்ங்கறது இருக்கே, அது பணக்காரன் சமாச்சாரத்தை விடக் கஷ்டம். பணம் இருக்கறவன் கடைக்குப் போறான், இருக்கறதுலயே பெரிசைக் காட்டறான், முடிஞ்சுது. நம்மள மாதிரி ஆளு படிக்கணும். இணையத்துல இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்குது. ஒருத்தன் சின்ன ஸ்பீக்கர் போதும்பான். இன்னொருத்தன் பெரிய ஹாலுக்குச் சின்னது வைக்கறவன் மனுசனே இல்லைம்பான். மூணாவது ஆளு வந்து ரெண்டு பேருக்கும் காதே இல்லைன்னு சொல்லுவான். விடிய விடியப் படிச்சேன். சுகந்தி ஒரு நாள், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறப்பவாச்சும் இதுல பாதி விசாரிப்பீங்களா?"ன்னு கேட்டா. கேள்வியே தப்பு பாருங்க. மாப்பிள்ளைக்கு வாட்ஸ் கிடையாது.

காந்திபுரத்துல ஒரு கடை. கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார வச்சுப் போட்டுக் காட்டினான். தீப்பெட்டி மாதிரி ரூமு, அதுல எதைப் போட்டாலும் சொர்க்கமாத்தான் இருக்கும். மயங்கிட்டேன். வாங்கிட்டு வந்து இந்த ஹால்ல வச்சு ஆன் பண்ணினா, கல்யாண மண்டபத்து மூலையில கைக்கடிகாரம் டிக்டிக்குங்கற மாதிரி இருந்துச்சு. சுகந்தி சமையல்கட்டுல இருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் ஆன் பண்ணலைங்களா?"ன்னா.

திருப்பிக் கொடுத்துட்டு இந்த உயரமான ஜோடியை எடுத்தேன். எங்க வைக்கறதுங்கறது அடுத்த சண்டை. நியாயமாப் பார்த்தா இந்த நீளச் சுவத்துல, ரெண்டும் சம தூரத்துல. ஆனா இடது ஸ்பீக்கர் ஈசானிய மூலையில வருது. சென்னியப்பன் மச்சான் குதிக்கறாரு. "மாப்பிள்ளை, ஈசானியத்துல பாரம் வைக்கக் கூடாது. கன்னி மூலையில எவ்வளவு வேணா வைங்க. ரெண்டையும் அங்கயே வைங்க." ரெண்டையும் ஒரே மூலையில வச்சா அது ஸ்டீரியோவா தம்பி? ரெண்டு கண்ணையும் ஒரே பக்கம் வச்ச மாதிரி இருக்காதா? கடைசியில அந்த இடது ஸ்பீக்கர் தலையில ஒரு பிள்ளையாரை உட்கார வச்சேன். அப்புறம் மச்சான் பேசலை. பாஸ் வர்றப்போ பிள்ளையார்தான் கொஞ்சம் ஆடுவாரு.

நல்ல சோதனை ஒண்ணு இருக்குது. கண்ணாடி டம்ளர் கீழ விழுந்து உடையற சத்தம், அதைப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. ஒவ்வொரு சில்லும் எந்தப் பக்கம் தெறிக்குதுன்னு கேக்கணும். போட்டேன். சுகந்தி சமையல்கட்டுல இருந்து விளக்குமாத்தோட ஓடி வர்றா. "கால் வைக்காதீங்க, நகராதீங்க"ன்னு தரையெல்லாம் தேடறா. எனக்கு எவ்வளவு சந்தோசம்! அத்தனை தத்ரூபம். ஸ்பீக்கருன்னு சொன்னேன். விளக்குமாத்தை மூலையில சாத்தினா. "இதுக்கு நாமளே ஒரு டம்ளரை உடைச்சிருந்தாச் சல்லிசா முடிஞ்சிருக்குமே"ன்னுட்டுப் போயிட்டா. பாராட்டத் தெரியாது.

ஆனா எதிரொலி மட்டும் போகலை. எதிரொலியைச் சோதிக்கறதுக்கு ஒரு வழி, கை தட்டறது. நடு ஹால்ல நின்னு ஒரே ஒரு தட்டு, அப்புறம் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கணும். அங்க ஒரு தட்டு, இங்க ஒரு தட்டுன்னு நான் போய்க்கிட்டிருக்கேன், பயிற்சிக்கு இவங்க கூட்டம் வந்துடுச்சு. அதுல சரசக்கான்னு ஒருத்தங்க, வாயைத் திறந்தா ஊரே சிரிக்கும். "ஏங்கண்ணு சுகந்தி, உங்கூட்டுக்காரரு ஒத்தக்கும்மி அடிக்கறாரு பாரு. பாவம், ஒரு கை சேர்த்துக்கலாமில்ல?" எல்லாரும் சிரிக்கறாங்க. சுகந்தி மட்டும் சிரிக்கலை. "வாங்க, சேர்ந்துக்கறீங்களா? இப்ப ஆம்பளைகளும் ஆடறாங்க"ன்னு கையை நீட்டினா. நெசமாத்தான் கூப்பிட்டான்னு நினைக்கறேன். நான், அளவு எடுத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லிட்டேன். எடுத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?

நீங்க சுவரையே பார்த்துக்கிட்டிருக்கீங்க. வந்ததுல இருந்து கவனிக்கறேன். விஷயம் தெரிஞ்ச ஆளுக்குத்தான் கண்ணு அங்க போகும். ஆமா, ஜமுக்காளம். அசல் பவானி. எதிரொலியைக் கொல்ல வெளிநாட்டுப் பஞ்சுப் பலகை இருக்குது, விலையைக் கேட்டா நமக்கு மூச்சு நின்னுடும். அப்பத்தான் மாடி ரூம்ல ஒரு கட்டு ஜமுக்காளம் புத்தம்புதுசா அடுக்கி வச்சிருந்ததைப் பார்த்தேன். சுகந்தி எதுக்கோ வாங்கி வச்சிருந்தா. எதுக்குன்னு கேக்கலை. ஏணியைப் போட்டு, ஆணி அடிச்சு, நாலு சுவத்துலயும் தொங்க விட்டுட்டேன். கை தட்டினேன். பொத்துன்னு விழுந்து செத்துச்சு சத்தம். ஆகா! அந்த நிமிஷத்துக்குத்தான் நான் அலைஞ்சது. பாட்டைப் போட்டா, பாடற அம்மா நேர் எதிர்ல நின்னு மூச்சு இழுக்கறது கேக்குது.

சாயங்காலம் கும்மிக்காரங்க வந்தாங்க. வட்டம் கட்டி ஆரம்பிச்சாங்க. அத்தனை பேரு தட்டறாங்க, ஈரத்துணியைக் கல்லுல போட்ட மாதிரி இருக்குது. பாட்டு எழும்பவே இல்லை. பாதிச் சுத்துலயே நின்னுட்டாங்க. சுகந்தியே நின்னுட்டா. எனக்காக நிக்காதவ. சரசக்கா உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "என்ன கண்ணு, நம்ம கைக்கு என்ன ஆச்சு?"ன்னாங்க. சுகந்தி சுவத்தைப் பார்த்தா. "கைக்கு ஒண்ணும் ஆகலைக்கா. வீட்டுக்குத்தான் ஆயிருக்குது" அப்படின்னா.

சண்டை போட்டிருந்தாக் கூடப் பரவாயில்லை. போடலை. "கழட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். மறுநாள் பயிற்சியை அன்னூர் கோயில் மைதானத்துக்கு மாத்திட்டாங்க. தினம் போயிட்டு வர முடியலைன்னு அப்புறம் அம்மா வீட்டுலயே தங்கிட்டா.

கிளம்பற அன்னிக்கு வந்து ஏதோ கேட்டா. நான் இந்த நாற்காலியில இருந்தேன். சரியா பாஸ் இறங்கற இடம், அந்த இடத்துக்காகத்தான் பாட்டையே போட்டிருந்தேன். ஒரு நிமிஷம்னு கையைக் காட்டினேன். "அரங்கேற்றத்துக்கு வருவீங்களா?"ன்னு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. பாட்டு முடிஞ்சு திரும்பிப் பார்த்தா ஆள் இல்லை, பையும் இல்லை. நின்னிருந்தா பதில் சொல்லியிருப்பேன். பொறுமை கிடையாது இந்தக் காலத்துல யாருக்கும்.

ஏன் கடிகாரத்தைப் பார்க்கறீங்க? இருங்க. நல்ல பொருளை எதுக்கு விக்கறேன்னு நீங்க கேக்கவே இல்லையே. எல்லாரும் அதைத்தான் சந்தேகமாக் கேப்பாங்க. ஒரு குறையும் கிடையாது. எல்லாம் சரியாயிடுச்சு, அதான். சரியானதுக்கப்புறம் எவ்வளவு நேரம் தம்பி கேக்கறது? நேத்து உட்கார்ந்திருக்கேன். அந்த அம்மா பாடறாங்க. இதோ, கையை நீட்டினாத் தொட்டுடலாம், அவ்வளவு கிட்ட. எழுந்து நேராப் போயித் தொட்டுப் பார்த்தேன். ஜமுக்காளம். இன்னும் கொஞ்சம் பெரிய ஜோடியா வாங்கலாம்னுதான் விக்கறேன். வேற ஒண்ணும் இல்லை.

சரி, விலை பேசலாம். நீங்க சொல்லுங்க.

என்னது?

யாரு அனுப்பினது?

சுகந்தியா? நீங்க விளம்பரம் பார்த்து வரலையா? அப்ப இவ்வளவு நேரம்... ஜமுக்காளமா? அரங்கேற்றத்துக்கு வர்ற சனம் உட்காரவா? ஓ. அதுக்குத்தான் வாங்கி அடுக்கி வச்சிருந்தாளா. நீங்க சரசக்கா மருமகனா! அட, அதை உள்ள வந்ததுமே சொல்லக் கூடாதா? சொல்ல வந்தீங்களா? எப்போ? செருப்பு விடறப்பவா? அப்புறம் காபி குடிக்கறப்பவும் வாயெடுத்தீங்களா.

எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே அவ. பண்ணினாளா? இருங்க பார்க்கறேன். ஆமா. காலையில. ஆம்ப்ளிஃபயர் மேல வச்சிருந்தேன், கேக்கலை.

வேற ஏதாவது சொல்லி அனுப்பினாளா? சும்மா சொல்லுங்க தம்பி. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

"அவரு ஏதாச்சும் கேட்டுட்டிருந்தாருன்னா இடையில பேசாதீங்க. முடியற வரைக்கும் வெளிய நில்லுங்க." அப்படியா சொன்னா.

ம்.

ஏணி கொல்லையில இருக்குது, வாங்க. நீங்க கீழ பிடிச்சுக்குங்க, நான் ஏறறேன். ஆணி அடிச்சவனுக்குத்தான் எதை எப்படி இழுக்கணும்னு தெரியும். மெதுவா. மடிச்சுப் போடுங்க, தரையில இழுக்காதீங்க. அந்தச் சிவப்புக் கரை போட்டதை மேல வைங்க, அது பெரியவங்க உட்கார. இப்ப அந்தப் பக்கம். பிள்ளையாரை எடுத்துக் கீழ வைங்க, விழுந்துடப் போறாரு. நீங்க ஏதாவது பேசிக்கிட்டே இருங்க தம்பி. எதையாவது பேசுங்க. உங்க குரல் கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாகுது, கேக்குதா? இது கடைசி. பிடிங்க.

தள்ளி நில்லுங்க. ஒரே ஒரு தட்டு.

அப்பா! எங்கெங்கயோ போய்ட்டு வருது பாருங்க. மேல போயி, மாடிப்படி வழியா இறங்கி. தட்டினது நான் ஒருத்தன், கேக்கறப்ப ரெண்டு மூணு பேரு மாதிரி இருக்குது. இது நான் வந்த அன்னிக்குக் கேட்ட சத்தம்தான். அன்னிக்கு இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?

எல்லாத்தையும் ஏத்திட்டீங்களா? நானும் வர்றேன். ஆட்டம் பார்க்க இல்லை. அசல் பவானி ஜமுக்காளம், மைதானத்துல மண்ணுல போட்டு இழுத்தாங்கன்னா என்ன ஆகறது? கூட ஒரு ஆளு வேண்டாமா? அப்படியே மைக்செட்டுக்காரரு குழாய் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்காருன்னும் ஒரு பார்வை பார்த்துடலாம், நிச்சயம் தப்பாத்தான் வச்சிருப்பாரு. இல்லை, வேண்டாம். அதையும் விடுங்க. எப்படியோ வச்சிருக்கட்டும்.

பூட்டியாச்சு. ஆமா, நாற்காலி அங்கயே கிடக்கட்டும்.

முன்னாடி சீட்டா? சரி. உங்க வண்டில பாட்டுப் போடுவீங்களா? இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யாதா? எத்தனை நாளா? பரவாயில்லை தம்பி, போட வேண்டாம். அவங்க வட்டம் கட்டறதுக்கு முன்னாடி போய்ச் சேரணும். ஆரம்பிச்சுட்டா அவ நிக்க மாட்டா. வண்டியை எடுங்க.